வாளா? வழியா?

(‘ஜப்பானிய சாகசச் சித்திரக் கதைகளில் பெண் பாத்திரங்களுக்குப் பெருமை சேர்ப்பது கையில் ஏந்தும் வாளா? தானே தேர்ந்தெடுக்கும் வழியா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘வழியே’ என்ற அணியில் பேசியது)

     

ஜப்பான் மாங்காவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் மாமியார் சொன்னார்: “மாங்காயைப் பத்திப் பேச ஜப்பானுக்கு ஏண்டி போறே? நம்ம ஊறுகாய் ஜாடியைத் திறந்தா போதாதா?” (சிரிப்பு)

அவர் மேல் தப்பில்லை. ஜப்பானியர்கள் சித்திரக் கதைக்கு வைத்த பெயர் மாங்கா. பின்னட்டையில் ஆரம்பித்து, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அங்கே வாரப் பத்திரிகைகளும் மாதப் பத்திரிகைகளும் டெலிபோன் டைரக்டரி கனத்துக்கு வரும். அவற்றில் தொடராக வந்து, பிறகு புத்தகமாகும். இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பையன்களுக்கு என்று தனிப் பத்திரிகை, பெண் பிள்ளைகளுக்கு என்று தனிப் பத்திரிகை. சாகசம் பெரும்பாலும் பையன்கள் பத்திரிகையில் குடியிருந்தது. அங்கே பெண் எப்படிக் குடி வந்தாள் என்பதுதான் இன்றைய வழக்கு.

எதிரணித் தம்பி ரொம்ப ஆவேசமாகப் பேசினார். “பெண் கையில் வாள் வந்தது, மரியாதை வந்தது” என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவர் அவர்களே, வாளைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்க வைத்தால் அதற்குப் பெயர் மரியாதையா? கோயில் வாசலில் கல்லில் செதுக்கிய துவாரபாலகர் கையில்கூட ஆயுதம் இருக்கிறது. அவர் எங்கேயாவது போகிறாரா?

நான் ஒரு அளவுகோல் கொண்டு வந்திருக்கிறேன். ஜப்பானிலிருந்து வாங்கியதில்லை. நம்ம வீட்டு வாசல்படியிலிருந்து எடுத்தது. நம் வீட்டில் பெண் பிள்ளை செருப்பை மாட்டினால் போதும், மூன்று கேள்வி பறந்து வரும். ‘எங்கே போறே? எதுக்குப் போறே? யாரைக் கேட்டுப் போறே?’ பையன் கிளம்பினால் ஒரே கேள்விதான். ‘வரும்போது அரைக் கிலோ தக்காளி வாங்கிட்டு வர்றியா?’ (சிரிப்பு)

நம் பெண் பிள்ளைகளை மடக்குவதற்காகக் கேட்கிற அதே மூன்று கேள்வியை, அந்த ஊர்ச் சித்திரக் கதைப் பெண்களிடம் நான் மரியாதையோடு கேட்கப் போகிறேன். யார் நிமிர்ந்து பதில் சொல்கிறாளோ அவளுக்கே பெருமை. வாள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

முதலில் 1953. மாங்காவின் பிதாமகர் ஒசாமு தெசுகா ‘ரிபோன் நோ கிஷி’ என்ற கதையைச் சிறுமியர் பத்திரிகை ஒன்றில் தொடங்குகிறார். நம் வசதிக்கு ‘வீர இளவரசி’ என்று வைத்துக்கொள்வோம். தெசுகா சிறுவனாக வளர்ந்த ஊர் தகாராசுகா. அங்கே 1914-லிருந்து ஒரு நாடகக் குழு உண்டு. மேடையில் எல்லோரும் பெண்களே. ராஜா வேடமும் பெண், தளபதி வேடமும் பெண். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, இளவரசி கையில் வாள் கொடுத்ததில் ஆச்சரியம் என்ன?

இளவரசியின் பெயர் சஃபையர். அந்த நாட்டுச் சட்டப்படி ஆண் பிள்ளைக்குத்தான் அரியணை. அதனால் அவளை ஆணாகவே வளர்க்கிறார்கள். அவள் பிறப்பதற்கு முன்பே ஒரு குட்டித் தேவதை செய்த குறும்பில், அவளுக்குள் ஆண் இதயம் ஒன்று, பெண் இதயம் ஒன்று, இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. இங்கேதான் கொஞ்சம் கவனியுங்கள். வாள் சுழற்றும் வீரம் எந்த இதயத்தின் கணக்கில்? ஆண் இதயத்தின் கணக்கில்! வாளைக் கொடுத்தார்கள் தம்பி, ஆனால் ரசீதை ஆண் பெயரில் போட்டுவிட்டார்களே! (கைதட்டல்)

சஃபையரைக் கேட்கிறேன். ‘அம்மா, எதுக்கு வாள் எடுத்தே?’ ‘சட்டம் என்னை ஒதுக்குகிறது, அதற்காக ஆண் வேடம் போட்டேன்.’ அவள் வழியை அவளா தேர்ந்தெடுத்தாள்? பிறந்த அன்றே மற்றவர்கள் தேர்ந்துவிட்டார்கள். தெசுகாவைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண் பிள்ளையைக் கதையின் நடுவில் நிறுத்தியதே பெரிய காரியம். அவர் கதவைத் திறந்தார். வாசல் தாண்ட இன்னும் காலம் ஆயிற்று.

எவ்வளவு காலம் என்றால், 1964-க்கு வாருங்கள். ஷோதாரோ இஷிநோமோரியின் ‘சைபோர்க் 009’, பையன்கள் பத்திரிகையில் வந்த கதை. உடம்புக்குள் இயந்திரம் பொருத்தப்பட்ட ஒன்பது பேர். ஒருவன் பறப்பான், ஒருவன் உடம்பு முழுக்க ஆயுதம், ஒருவன் வாயிலிருந்து நெருப்பு வரும். ஒரு கைக்குழந்தைக்குக்கூட மனோசக்தி உண்டு. இத்தனை பேர் நடுவில் பெண் ஒருத்தி. பெயர் பிரான்சுவாஸ், எண் 003. அவளுக்கு என்ன சக்தி? தூரத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் பேசுவது கேட்கும்.

என் வீட்டுக்காரர் சொன்னார்: “இதுக்கு எதுக்கு இயந்திரம்? எல்லாப் பெண்களுக்கும் பிறவியிலேயே இருக்கே!” (சிரிப்பு) சிரிக்கலாம், ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆபத்து எங்கே என்று அவள் சொல்ல வேண்டும், மற்றவர்கள் போய்ச் சண்டை போட வேண்டும். ஒன்பது பேருக்கு ஒரு பெண் என்ற அந்தக் கணக்கு, பையன்கள் கதைகளில் ரொம்ப நாள் நடந்தது. எதிரணியினர் ‘அவளுக்கு ஆயுதம் தரவில்லையே’ என்று வருத்தப்படுவார்கள். என் வருத்தம் அது இல்லை. அந்தக் காதில் அத்தனை ஒலி விழுகிறதே, ‘உனக்கு என்னம்மா வேணும்?’ என்ற ஒரு கேள்வி விழுந்ததா?

அந்தக் கேள்வியைக் கேட்கப் பெண்களே பேனா பிடிக்க வேண்டியிருந்தது. 1970-களில் ஒரு பெரிய பெண்கள் கூட்டம் சிறுமியர் பத்திரிகைகளுக்குள் நுழைந்தது. மோட்டோ ஹாகியோ, கெய்கோ தகேமியா போன்றவர்கள். அதே தலைமுறையில் ரியோகோ இகேதா. 1972-ல் ‘வெர்சாய் ரோஜா’ என்ற கதையை எழுதத் தொடங்குகிறார். அப்போது வயது 24. ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய மேரி அந்துவானெத் ராணியின் வரலாற்றைப் படித்துவிட்டு, பிரெஞ்சுப் புரட்சியைச் சிறுமிகளுக்குச் சித்திரக் கதையாகச் சொல்லப் போகிறேன் என்றார். பெண் பிள்ளைகளுக்குச் சரித்திரம் பிடிக்குமா என்ற தயக்கம் பதிப்பகத்தில் இருந்தது. நான் சரித்திர டீச்சர். எனக்கு இந்தத் தயக்கம் ரொம்பப் பழக்கம்! (சிரிப்பு)

அதில் வருகிறாள் ஆஸ்கர். தளபதி ஒருவருக்கு வரிசையாகப் பெண் குழந்தைகள். கடைசிப் பெண்ணை ஆண் பிள்ளை மாதிரி வளர்க்கிறார். ராணியின் காவல் படைக்கே தலைவி ஆகிறாள். இதுவரை சஃபையர் கதைதான். அப்பா கொடுத்த சீருடை, அப்பா கொடுத்த வாள். ஆனால் அதற்குப் பிறகு ஆஸ்கர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். தெருவில் ரொட்டிக்கு வழியில்லாத ஜனங்கள். அரண்மனைக் காவல் வேண்டாம் என்று தானே கேட்டு, சாதாரணச் சிப்பாய்கள் இருக்கிற படைக்குப் போகிறாள். கடைசியில் பிரபுப் பட்டத்தைத் துறந்து, மக்கள் பக்கம் நிற்கிறாள். 1789 ஜூலை 14, பாஸ்டில் சிறை வீழ்ந்த நாளில் உயிரை விடுகிறாள்.

கேளுங்கள் மூன்று கேள்வியை! எங்கே போறே? தெருவுக்கு. எதுக்குப் போறே? பட்டினி கிடப்பவனுக்காக. யாரைக் கேட்டுப் போறே? என் மனச்சாட்சியைக் கேட்டு! வாள் அப்பா கொடுத்தது. வழி அவள் தேர்ந்தது. ஜப்பான் வாசகிகள் அழுதது வாளுக்கா, வழிக்கா? ராணியை மையமாக வைத்து ஆரம்பித்த கதையில் ஆஸ்கர்தான் கதாநாயகி போல ஆகிவிட்டாள். 1974-ல் அதே தகாராசுகா மேடையில் நாடகமாக ஏறியது. செவாலியே என்ற சொல் நமக்குப் புதிதல்ல. இகேதாவுக்கு 2009-ல் பிரான்ஸ் அரசின் செவாலியே விருது கிடைத்தது. அவர்கள் நாட்டுச் சரித்திரத்தை ஜப்பான் சிறுமிகளுக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு!

‘அப்போ பெண் எழுதினால்தான் பெண் நிமிர்வாளா?’ என்று நடுவர் ஐயா புருவத்தை உயர்த்துகிறார். இல்லை ஐயா. ஹயாவோ மியாசாகி ஆண்தான். 1982 முதல் 1994 வரை, நடுநடுவே நிறுத்தி நிறுத்தி, ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா’ என்ற கதையை வரைந்தார். பன்னிரண்டு வருஷம், ஏழு புத்தகம். நௌசிகா என்ற பெயர் கிரேக்கக் காவியம் ஒடிஸியிலிருந்து வந்தது. அவள் மனசு வந்த இடம் ஜப்பானின் பழைய கதை ஒன்று. பூச்சிகளை நேசித்த சீமாட்டியின் கதை. அந்தச் சீமாட்டி புருவம் மழிக்க மாட்டாள், அந்தக் கால வழக்கப்படி பல்லுக்குக் கறுப்புப் பூச மாட்டாள், கம்பளிப்பூச்சியை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ‘இதை யார் கட்டிக்குவா?’ என்று ஊர் பேசியிருக்கும். ஆயிரம் வருஷமாக ஊருக்கு அது ஒன்றே பேச்சு!

நௌசிகா வாழும் உலகத்தில் விஷக்காடு பரவிக்கொண்டே வருகிறது. ராட்சசப் பூச்சிகள். எல்லோரும் காட்டை எரிக்கத் துடிக்கிறார்கள். இவள் மட்டும் ‘ஏன் விஷமாயிற்று?’ என்று கேட்கிறாள். சுத்தமான மண்ணும் தண்ணீரும் கொடுத்து அதே செடிகளை ரகசியமாக வளர்த்துப் பார்க்கிறாள். விஷம் இல்லை! தப்பு செடியில் இல்லை, மனிதன் கெடுத்த மண்ணில். அவளுக்கு வாள் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அவளை நாம் நினைவில் வைத்திருப்பது வாளுக்காக அல்ல. எல்லோரும் ஓடி ஒளிகிற காட்டுக்குள் அவள் தேடிப் போன வழிக்காக.

சரி, இப்போது பையன்கள் பத்திரிகையின் கோட்டைக்குள்ளேயே போவோம். வார இதழ் ‘ஷோனென் ஜம்ப்’. 1968-ல் தொடங்கியது. 1990-களின் நடுவில், உச்சத்தில், ஒரே இதழ் 65 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. அதில் 1984 முதல் 1995 வரை வந்தது அகிரா தோரியாமாவின் ‘டிராகன் பால்’. உங்கள் வீட்டுப் பையனைக் கேளுங்கள், கோகுவைத் தெரியும். அவன் முடி எத்தனை தடவை நிறம் மாறிற்று என்பதுகூடத் தெரியும். பாடப் புத்தகத்தில் கேட்டால்தான் தெரியாது. (சிரிப்பு)

அந்தக் கதையைத் தொடங்கி வைப்பது யார் தெரியுமா? கோகு இல்லை. புல்மா என்ற 16 வயதுப் பெண். ஏழு மந்திரப் பந்துகளைத் தேடிக் கிளம்பியவள் அவள். பந்து இருக்கும் இடம் காட்டும் கருவியைத் தானே செய்தவள் அவள். கோகு காட்டில் மீன் பிடித்துத் தின்றுகொண்டு நிம்மதியாக இருந்தான். ‘வாடா என்னோட’ என்று கூட்டிப் போனவள் அவள். வழி அவளுடையது! ஆனால் கதை போகப் போகச் சண்டைக் கதை ஆகிறது. யாருக்கு எவ்வளவு பலம் என்பதே அளவுகோல் ஆகிறது. புல்மா மெல்ல மெல்லக் கரைக்கு ஒதுங்குகிறாள்.

இன்னொருத்தி, பெயர் சிச்சி. பெயர் நான் வைக்கலைங்க! அவள் தற்காப்புக் கலைப் போட்டிக்கே வந்து சண்டை போட்டவள். கோகுவைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகு? ‘கோஹான், படிச்சியா? கோஹான், வீட்டுப் பாடம் முடிச்சியா?’ உலகமே அழியப் போகிறது, இந்த அம்மாவுக்குப் பிள்ளையின் படிப்புக் கவலை. நம் ஊர் அம்மாதான்! (சிரிப்பு, கைதட்டல்) அந்தக் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். என் கேள்வி வேறு. சண்டை போடத் தெரிந்தவளுக்கு அந்தப் பெரிய பயணத்தில் சொந்தமாக ஒரு காரியம் ஏன் இல்லாமல் போயிற்று? எதிரணித் தம்பி, உங்கள் கட்சி இங்கே தோற்கிறது. சிச்சியிடம் பலம் இருந்தது, வழி பறிபோயிற்று. ஓரமாகிப் போனாள். புல்மாவுக்குப் பலமே இல்லை. ஆனாலும் கதைக்குக் கால இயந்திரம் தேவைப்பட்டபோது, எதிர்காலத்துப் புல்மாதான் அதைச் செய்து மகனை அனுப்ப வேண்டியிருந்தது!

1999-ல் தொடங்கிய ‘நருதோ’வில் சகுரா. மசாஷி கிஷிமோதோ வரைந்தது. பையனுக்கு நீளக் கூந்தல் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு முடி வளர்த்தவள். காட்டில் எதிரி அந்த முடியைப் பிடித்து இழுக்கும்போது, தன் கையாலேயே கத்தியால் அறுத்துவிட்டு எழுகிறாள். அருமையான இடம். பிறகு சுனாதே என்ற பெண்மணியிடம் வைத்தியம் கற்கிறாள், பாறையைப் பிளக்கும் பலமும் கற்கிறாள். இவ்வளவு வந்த பிறகும் அவள் மனசு அந்த ஒரு பையனைச் சுற்றியே வருகிறது என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். பாறையைப் பிளந்த கைக்குச் சொந்தமாக ஒரு பாதை போட்டுத் தரவில்லையே என்பதுதான் அந்தக் குறை.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி நன்றாக வரைவாள். இந்தக் கதைகளைப் படித்துப் படித்துத் தானே ஒரு கதை வரைந்து கொண்டு வந்து காட்டினாள். நாலு பையன்கள், ஒரு பெண். பெண் கையில் அவள் உயரத்துக்கு வாள். “இவங்கல்லாம் எங்கே போறாங்கம்மா?” என்று கேட்டேன். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு காரணம் சொன்னாள். ஒருத்தன் அப்பாவைத் தேடி, ஒருத்தன் புதையலைத் தேடி. “இவ?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “இவங்க எங்கே போறாங்களோ அங்கே, மிஸ்.”

நடுவர் அவர்களே! வாள் வரைய அந்தக் குழந்தைக்குத் தெரிகிறது. வழி வரையத் தோன்றவில்லை. யார் கற்றுக் கொடுத்தது? ஜப்பான் மட்டுமா?

நல்ல வேளை, அந்தக் கதைகளிலேயே மருந்தும் இருக்கிறது. 1997-ல் எயிச்சிரோ ஒடா தொடங்கிய ‘ஒன் பீஸ்’. இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நாயகன் லூஃபிக்குக் கைபலம் உண்டு, திசை தெரியாது. கப்பலுக்கு வழி சொல்பவள் நமி. உலகம் முழுவதற்கும் வரைபடம் வரைய வேண்டும் என்பது அவள் கனவு. அவள் ஊரைப் பிடித்து வைத்த கொடியவன், அவளை அடைத்து வைத்துத் தனக்காக வரைபடம் வரையச் சொன்னான். ஊரை மீட்க 10 கோடி பெர்ரி சேர்க்க அவள் திருடினாள். கடைசியில் லூஃபி அந்த வரைபட அறையையே உடைத்து நொறுக்குகிறான். ‘பார்த்தீங்களா, அடிதான் காப்பாத்திச்சு’ என்று எதிரணி துள்ளும். துள்ளாதீர்கள். அடி உடைத்தது அறையை. அதற்குப் பிறகு யாருக்காக வரைவது, எந்தக் கப்பலில் ஏறுவது என்று முடிவு செய்தவள் அவள்.

அதே கப்பலில் ராபின். பழங்காலக் கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவள். அதற்காகவே எட்டு வயதில் அவள் தலைக்கு 7 கோடியே 90 லட்சம் பெர்ரி விலை வைத்தது அரசாங்கம். சரித்திரம் படித்ததற்குத் தண்டனை! மறைக்கப்பட்ட உண்மை வரலாற்றைக் கண்டுபிடிப்பதே அவள் வழி. ஒரு குறையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். வருஷம் போகப் போக அந்தக் கதையில் பெண்களின் இடுப்பு மெலிந்துகொண்டே போகிறது, துணியும் குறைந்துகொண்டே போகிறது. கனவை இவ்வளவு மதித்து எழுதியவர், உடம்பையும் மதித்து வரைந்திருக்கலாம். தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும்போது இதையும் பேசுங்கள்.

கடைசியாக ஒருவர். ஹொக்கைதோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, ஏழு வருஷம் பண்ணையில் வேலை செய்துவிட்டு வரைய வந்த பெண். ஆண் பெயர் போலத் தோன்றும்படி ஹிரோமு அராகாவா என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 2001 முதல் 2010 வரை, பையன்கள் மாத இதழில், ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’. அதில் வடக்குக் கோட்டையைக் கட்டி ஆளும் ஒலிவியே உண்டு, வாளோடுதான் இருப்பாள். சண்டையில் யாரையும் புரட்டி எடுத்துவிட்டு, ‘நான் ஒரு குடும்பத் தலைவி’ என்று சொல்லிக்கொள்ளும் இசுமி உண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது வின்ரி. இயந்திரக் கை, கால் செய்யும் மெக்கானிக். நாயகனின் கையும் காலும் அவள் செய்தவை. டாக்டர்களான அவள் அப்பா அம்மாவை ஒருவன் கொன்றுவிட்டான். ஒருநாள் அவன் எதிரே நிற்கிறான். கீழே கிடந்த துப்பாக்கி இவள் கைக்கு வருகிறது. எதிரணித் தம்பி, இதோ நீங்கள் கேட்ட ஆயுதம்! ஆனால் அவள் சுடவில்லை. பின்னொரு நாள் அதே ஆள் காயத்தோடு இருக்கும்போது, அவள் கட்டுப் போடுகிறாள். மன்னித்துவிடவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் எதிரிக்கும் வைத்தியம் பார்த்த பெற்றோரின் மகள் அவள். அவள் வழி அது.

இந்த இடத்தில் அவளைவிட உயரமாக நிற்கிற வாள்வீரன் அந்தக் கதையில் யார்? (நீண்ட கைதட்டல்)

நான் வாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்கருக்கும் வாள் இருந்தது, நௌசிகாவுக்கும் இருந்தது. இருக்கட்டும். ஆனால் வாளை யாரும் கொடுக்கலாம், யாரும் பிடுங்கலாம். ‘எங்கே போறே, எதுக்குப் போறே’ என்பதற்கு அவளே சொல்கிற பதிலை யாராலும் பிடுங்க முடியாது. எழுபது வருஷச் சித்திரக் கதைச் சரித்திரம் இதைத்தான் சொல்கிறது.

பெற்றோர்களே, நாளைக்கு உங்கள் பெண் செருப்பை மாட்டும்போது அதே மூன்று கேள்வியைக் கேளுங்கள். தப்பில்லை. ஆனால் தடுப்பதற்காகக் கேட்காதீர்கள். அவளுக்கு ஒரு பதில் இருக்க வேண்டும் என்ற ஆசையோடு கேளுங்கள்.

எனவே, பெண் பாத்திரத்துக்குப் பெருமை சேர்ப்பது தானே தேர்ந்தெடுக்கும் வழியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.